சீனாவில் வாழப் போகிறவர்கள் ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஓரம் கட்டுங்கள்

எம்பிபிஎஸ் படிக்கப் போகிறவர்கள், குவாங்சோவிலும் யீவூவிலும் சரக்கு எடுக்கப் போகிறவர்கள், கம்பெனி அனுப்பி ஷென்ஜெனில் குடியேறப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, சீனம் கஷ்டமா என்றுதான். கஷ்டம்தான். ஆனால் அதில் பெரும்பங்கு சீனத்தை ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் வருகிறது. புத்தகமும் ஆப்பும் ஆங்கிலத்தில் இருப்பதால் நாமும் ஆங்கிலக் காதோடு கேட்கிறோம். தமிழ்க் காதோடு கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் வழி தானாகக் கிடைக்கும்.

உச்சரிப்பிலிருந்து தொடங்குங்கள். பின்யின் என்பது சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறை, 1958-இல் சீன அரசு ஏற்றுக்கொண்டது. அதை ஆங்கிலம் போல வாசித்தால் யாருக்கும் புரியாது. 'பெய்ஜிங்' என்பதன் முதல் எழுத்து ஆங்கிலத்தில் பஸ்ஸுக்கு வரும் எழுத்துதான், ஆனால் ஒலி அதுவல்ல. 'பல்', 'பெண்' என்று சொல்லும்போது வருகிற நம்முடைய ப அது. பேப்பருக்கு வரும் எழுத்து அதே ப, கூடவே ஒரு வேகமான மூச்சு. இதைச் சோதிக்க ஒரு டிஷ்யூ தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் 'பாவ் ல' என்று சொல்லுங்கள். தாள் அசையாவிட்டால் 'வயிறு நிறைந்துவிட்டது' என்று பொருள், படபடத்தால் 'ஓடிப்போய்விட்டது' என்று பொருள். க, த இரண்டிலும் இதே கதைதான். ஜீன்ஸுக்கு வரும் எழுத்தை 'பச்சை'யில் வரும் ச்ச போலச் சொல்லுங்கள், சரியாக இருக்கும். மனிதன், சூடு என்பவற்றுக்கான சீனச் சொற்களின் தொடக்க ஒலிக்கு வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் திண்டாடுவார்கள். வடக்கத்தி உச்சரிப்பில் அது நம் ழகரத்துக்கு அவ்வளவு பக்கம். நமக்குப் புதிதாக வருவதில் முக்கியமானது ஒன்று: நாக்கை 'ஈ' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு உதட்டை 'ஊ' போலக் குவிக்க வேண்டும்.

அப்புறம் தொனி, அதாவது ஓர் அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம். அது மாறினால் பொருளும் மாறிவிடும். நான்கு தொனிகள், கூடவே அழுத்தமில்லாத ஒன்று. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், தொனி இல்லாமல் மனப்பாடம் செய்த சொல்லை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டிவரும். வியாபாரத்துக்குப் போகிறவர்களுக்கு ஓர் உதாரணம் போதும்: 'மாய்' என்று தாழ்ந்த குரலில் சொன்னால் வாங்குவது, மேலிருந்து சட்டென்று கீழே இறக்கினால் விற்பது. மூன்றாம் தொனியைக் கீழே போய் மேலே ஏறும் வளைவாகப் புத்தகங்களில் வரைந்திருப்பார்கள். பேச்சு வேகத்தில் அது பெரும்பாலும் வெறும் தாழ்ந்த குரல்தான், வளைத்து வளைத்துச் சொன்னால் செயற்கையாக இருக்கும். மூன்றாம் தொனி அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால், முன்னால் வருவது இரண்டாம் தொனியாக, அதாவது ஏறும் குரலாக மாறிவிடும். 'நீ ஹாவ்' அப்படித்தான். தனிச்சொல்லாகப் பழகாமல் இரண்டிரண்டு அசையாகப் பழகுங்கள், சொன்னதை போனில் பதிந்து கேளுங்கள்.

இலக்கணம் பயப்படும்படி இல்லை. காலத்துக்கு ஏற்பவும், நான், நீ, அவர் என்பதற்கு ஏற்பவும் வினை மாறுவதில்லை. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு, நாம் 'வந்தாயா' என்று ஆகாரம் சேர்ப்பது போலக் கடைசியில் ஒரு 'மா' சேர்த்தால் போதும். 'நான் வாங்கிய புத்தகம்' என்பதை ஆங்கிலத்தில் புரட்டிப் போட வேண்டும், சீனத்தில் நம் வரிசையிலேயே 'நான், வாங்கு, த, புத்தகம்' என்று வரும், நடுவில் உள்ள 'த' இணைக்கும் சொல். 'நாளைக்கு வீட்டில்' என்று நேரத்தையும் இடத்தையும் வினைக்கு முன்னால் வைப்பதும் நம்மைப் போலத்தான். செயப்படுபொருள் மட்டும் வினைக்குப் பின்னால் போகும், அதைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

சொற்களில் முதல் இடம் எண்களுக்கு. வணக்கத்தையும் நன்றியையும் தப்பாகச் சொன்னாலும் யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எண் தப்பினால் வேலை நின்றுவிடும். தீதீ என்ற ஆப்பில் கூப்பிடும் வாடகைக் காரின் ஓட்டுநர் கேட்பது உங்கள் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம். பார்சல் வாங்கவும் அதையே கேட்பார்கள். போன் எண் சொல்லும்போது ஒன்றை 'யீ' என்பதற்குப் பதில் பெரும்பாலும் 'யாவ்' என்பார்கள். இது தெரியாவிட்டால் நம் எண்ணையே அவர் திருப்பிச் சொல்லும்போது விழிப்போம். நான்குக்கு ஸகரம், பத்துக்கு ஷகரம் என்று புத்தகம் சொல்லும். தெற்கே பலருக்கு இரண்டுமே ஸகரம்தான், அங்கே தொனிதான் கைகொடுக்கும்: நான்கு இறங்கும், பத்து ஏறும். சந்தேகம் வந்தால் விரலைக் காட்டுங்கள். ஆனால் ஆறிலிருந்து பத்து வரை அவர்கள் ஒரே கையில் காட்டும் முறை வேறு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினால் எட்டு. எட்டை இரண்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

இறங்கியதும் செய்ய வேண்டியது போலீஸ் பதிவு. ஓட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். வாடகை வீடு, நண்பர் வீடு என்றால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டும், வீட்டுக்காரரையோ அவருடைய ஒப்பந்தத்தையோ கையோடு கொண்டுபோங்கள். நீண்டகாலப் படிப்பு விசாவிலோ வேலை விசாவிலோ வந்தவர்கள் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது, பிறகு எல்லா அலுவலகத்திலும் இழுக்கும்.

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் அங்கே திறக்காது. நம் ஊர் சிம் ரோமிங்கில் இருந்தால் திறக்கும், அதனால் முதல் சில நாட்களுக்கு அதை வைத்துக்கொண்டு, பிறகு பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்குங்கள். பணம் கட்ட உதவும் வீசாட், அலிபே ஆப்கள் இரண்டையும் ஊரிலேயே ஏற்றி, பாஸ்போர்ட் சரிபார்ப்பை முடித்து, விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைத்துவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் திறந்துவைக்க மறக்காதீர்கள், இந்தியக் கார்டுகளில் அது மூடியேதான் வரும். ஒரு தடவை கட்டும் தொகை 200 யுவான் வரைக்கும் என்றால் கூடுதல் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் 3 சதவீதம். கையில் கொஞ்சம் சில்லறைத் தாள்களும் இருக்கட்டும். வழி பார்க்க அமாப் என்ற ஆப், ரயில் டிக்கெட்டுக்கு 12306 என்ற ஆப். ரயில் நிலையத்தில் பாஸ்போர்ட்டோடு போனால் பெரும்பாலும் தானியங்கிக் கேட்டை விட்டு ஆள் நிற்கும் வழியில் விடுவார்கள், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஆம்புலன்ஸ் 120, போலீஸ் 110, தீயணைப்பு 119.

சாப்பாட்டு விஷயத்தில் சைவக்காரர்கள் கவனம். 'ரோவ்' என்றால் இறைச்சி, வேறெதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் பன்றி. இறைச்சி வேண்டாம் என்று சொன்ன பிறகும் பீன்ஸ் வறுவலில் கொத்திய பன்றி இறைச்சி தூவி வரலாம், காரணம் அது அவர்கள் கணக்கில் வாசனைக்குச் சேர்ப்பது. 'வோ ச்ர் ஸு', அதாவது நான் சைவம் என்று சொல்லுங்கள், முட்டையைத் தனியாகச் சொல்லுங்கள். புத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களில் நிம்மதியாகச் சாப்பிடலாம், அங்கே பூண்டு வெங்காயம்கூட இருக்காது. பன்றி மட்டும் வேண்டாம் என்றால் லான்ஜோ நூடுல்ஸ் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. முஸ்லிம்கள் நடத்துவது, ஹலால், ஆனால் மாட்டிறைச்சி. தக்காளி முட்டைப் பொரியலும் சோறும் எங்கு போனாலும் கிடைக்கும், நாலு நாளில் நாக்கு பழகிவிடும். கடைத் தயிர் பெரும்பாலும் இனிப்பு, தயிர்சாதத்துக்கு 'வூ தாங்' என்று சர்க்கரை சேர்க்காததைத் தேடி எடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, வெந்நீர் மட்டும் ரயிலில்கூடத் தாராளம், ஒரு பிளாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களைக் கூப்பிடும் விதத்தில் நமக்கு வசதி அதிகம். ஓட்டுநரையும் பழுதுபார்ப்பவரையும் 'ஷ்ர்ஃபு' என்றும், கடைக்காரரை 'லாவ்பான்' என்றும், வயதில் மூத்த பெண்களை 'ஆயி' என்றும் கூப்பிடுங்கள். அண்ணே, அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு இது இயல்பாக வரும், எதிரில் இருப்பவர் முகமும் மலரும். ஒரே காய்கறிக் கடைக்குத் தினமும் போங்கள். எந்த வகுப்பையும்விட அந்த ஆயியிடம் நிறையக் கற்றுக்கொள்வீர்கள், ஏனென்றால் நேற்று சொன்னதையே இன்றும் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்.

எழுத்தைக் கையால் எழுதுவதில் ஆரம்பத்தில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். போனில் பின்யினைத் தட்டினால் எழுத்துகள் வரிசையாக வரும், சரியானதை அடையாளம் காணத் தெரிந்தால் போதும். ப்ளெகோ அகராதியைப் போனில் வையுங்கள், மெனு, மருந்துப் பெட்டி, லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பு என்று கண்ணில் படுவதை அதில் தேடுங்கள். எழுத்தின் இடப்பக்கம் மூன்று துளிகள் இருந்தால் தண்ணீர் சம்பந்தப்பட்டது: ஆறு, ஏரி, கடல், சாராயம். இப்படி உறுப்பு உறுப்பாகப் பார்க்கத் தொடங்கினால் எழுத்து மனதில் நிற்கும்.

மருத்துவ மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், விடுதியில் தமிழும் இந்தியும் போதும், அதனால் சீனத்தைத் தேர்வுக்கு முந்தைய மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் ஹெச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் நான்காம் நிலையைக் கேட்கின்றன, பழைய பாடத்திட்டப்படி அது 1200 சொற்கள். அதைத் தாண்டினாலும் வார்டில் இருக்கும் பாட்டி பாடப்புத்தகச் சீனம் பேச மாட்டார். சிச்சுவானிலும் ஹூபெய்யிலும் வட்டார வழக்கில்தான் வலியைச் சொல்வார். எங்கே வலி, எப்போதிருந்து, சாப்பிட்டீர்களா, மூச்சு வாங்குகிறதா என்ற நான்கு கேள்விகளையும் அவற்றுக்கு வரக்கூடிய பதில்களையும் அந்த ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லவைத்துப் பதிந்துகொண்டு, முதல் வருடத்திலிருந்தே கேட்டுவாருங்கள்.