ஊர் கூடி இழுத்த தேர் நகர்ந்ததா? குழந்தைகளின் உடல் பருமனைக் குறைக்கும் கூட்டு முயற்சியை மதிப்பிடும் முறை

பள்ளி, நகராட்சி, மருத்துவர், கடைக்காரர் எல்லோரும் கைகோத்த பிறகு மதிப்பீட்டைப் பற்றி யோசித்தால் காலம் கடந்துவிடும். இப்படியொரு கூட்டுத் திட்டம் நடந்த வடக்கு பிரான்சின் ஃப்ளோர்பே, லவாந்தி ஊர்களில் 1992இல் 11.4 விழுக்காடாக இருந்த குழந்தைகளின் மிகை எடை, 2004இல் 8.8 ஆனது. ஒப்பிட எடுத்த, திட்டம் இல்லாத ஊர்களில் அது 17.8. ஆனால் அந்த ஊர்களில் 2004இல் மட்டும்தான் அளந்தார்கள். தொடக்கத்தில் அங்கே எவ்வளவு இருந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால், வித்தியாசம் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. எனவே திட்டம் தொடங்கும் முன்பே இரு பக்கமும் அளந்து வையுங்கள்.

அமெரிக்காவின் சாமர்வில் நகரில் அப்படித்தான் செய்தார்கள். பி.எம்.ஐ. என்பது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்; அது அதே வயது, பாலினக் குழந்தைகளின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டுவது இசட் மதிப்பு. முதல் ஆண்டில் ஒப்பீட்டு ஊர்களைவிட இந்த இசட் மதிப்பு சுமார் 0.1 குறைந்தது. எட்டு வயதுக் குழந்தைக்கு இது பி.எம்.ஐ.யில் ஏறத்தாழ 0.2தான். இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பிடிக்க அளவு துல்லியமாக இருக்க வேண்டும். 127 செ.மீ. உயரம், 25.4 கிலோ எடையுள்ள குழந்தையின் பி.எம்.ஐ. 15.75. உயரத்தை ஒரு செ.மீ. குறைத்து எழுதினால் 16.0. திட்டத்தின் பலன் மொத்தமும் அந்த ஒரு செ.மீ.யில் மறைந்துபோகும்! செருப்பைக் கழற்றி, உச்சிக் கொண்டையை அவிழ்த்து, 0.1 செ.மீ., 0.1 கிலோ வரை இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். தராசைத் தினமும் காலையில் தெரிந்த எடைக்கல்லால் சரிபாருங்கள். அடுத்த சுற்றும் ஆண்டின் அதே பருவத்தில் நடக்கட்டும்.

எத்தனை குழந்தைகள்? ஒரே பள்ளியில் படிப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். இந்த ஒற்றுமையை அளக்கும் எண் உள்ளொற்றுமைக் கெழு. பள்ளிக்கு 50 பேர், கெழு 0.02 என்றால், அளக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை பெருகும் மடங்கு 1 + 49 × 0.02 = 1.98. அதாவது 1,000 பேரை அளந்தாலும் கணக்கில் 505 பேர்தான். பள்ளிக்குள் ஆட்களைக் கூட்டுவதைவிடப் பள்ளிகளைக் கூட்டுவதே லாபம்.

கூட்டு முயற்சியைத் தனியே அளக்க வேண்டும். "ஒத்துழைப்பு எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "நன்று" என்பார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு அமைப்பிடமும் மற்றவற்றின் பட்டியலைக் கொடுத்து, கடந்த மூன்று மாதத்தில் யாருடன் தகவல் பகிர்ந்தீர்கள், யாருடன் சேர்ந்து வேலை செய்தீர்கள், யாருடன் பணமோ ஆளோ பகிர்ந்தீர்கள் என்று படிப்படியாகக் கேளுங்கள். இருவர் சொல்வதும் பொருந்தினால்தான் அது உறவு. அந்த உறவுகளை அமைப்புகளுக்கு இடையே கோடுகளாக வரையுங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே ஒருங்கிணைப்பாளரிடம் போய் முடிந்தால் எச்சரிக்கை: அவர் வேலையை விட்ட அன்று கூட்டணி கலைந்துவிடும்.

கூட்ட வருகைப் பதிவு பெரிதாக எதையும் சொல்லாது. மாறியது என்ன என்பதைத் தேதியோடு எழுதுங்கள்: எந்தக் கேன்டீனில் இனிப்புப் பானம் நின்றது, அது எத்தனை குழந்தைகளை எட்டியது, ஆறு மாதம் கழித்தும் நீடிக்கிறதா.

எடைகுறைவானவர்களின் விழுக்காட்டையும் ஒவ்வொரு சுற்றிலும் பாருங்கள். அது ஏறினால் திட்டம் யாரையோ பட்டினி போடுகிறதோ என்று விசாரியுங்கள். எடையை வகுப்பில் உரக்கப் படிக்காமல் மறைப்புக்குப் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள். கேலிக்கு அஞ்சும் பருமனான பிள்ளைகள் அடுத்த சுற்றுக்கு வராமல் போனால், எண்ணிக்கை தானாகவே இறங்கியதுபோல் தெரியும்.