பியானோ கட்டையின் ஆழம்: ஃபெல்ட்டில் நடக்கும் தவறுகள்

கட்டையை அழுத்தினால் எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் ஆழம்; அடியில் இருக்கும் ஃபெல்ட் எனும் கம்பளி மெத்தைதான் அதை நிறுத்துகிறது. கட்டை அதிகம் அமுங்குகிறது என்றதும் கல்யாணப் பத்திரிகையில் ஒரு துண்டு வெட்டி அடியில் செருகிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அது நகர்ந்து ஃபெல்ட்டுக்கு மேலே ஏறும். அடிக்கு அடி ‘டக்’ என்று கேட்கும். காகித வாஷர் (நடுவில் துளையிட்ட வட்டத் துண்டு), கட்டையின் முன்முனைக்கு அடியில் நிற்கும் ஆணியில் கோர்த்து ஃபெல்ட் வாஷருக்கு அடியில்தான் கிடக்க வேண்டும். கட்டை வந்து உட்காருவது ஃபெல்ட்டின் மேல் மட்டுமே.

அடுத்த தவறு, வேலையின் வரிசை மாறுவது. பின்பக்க ஃபெல்ட்டைப் பூச்சி அரித்திருந்தால் கட்டையின் பின்முனை தாழ்ந்து முன்முனை தூக்கும். அதை மாற்றி, மட்டம் பார்த்த பிறகே ஆழத்தில் கை வைக்கலாம். கட்டை ஏற்றப்பலகை போல ஆடும் நடு ஆணியில் 0.2 மி.மீ. காகிதம் போட்டால் முன்முனை ஏறக்குறைய இரு மடங்கு உயரும். ஏற்கெனவே அளந்த ஆழமெல்லாம் வீண்.

வெள்ளைக்கட்டைக்கு ஆழம் 10 மி.மீ. அளவில் வைப்பது வழக்கம்; தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. கறுப்புக்கட்டையை முழுக்க அமுக்கினாலும் வெள்ளைக்கு மேல் 2 மி.மீ. போல நிற்க வேண்டும். அளக்கும்போது பலரும் கட்டைவிரலால் இறுக்கி அழுத்துகிறார்கள். ஃபெல்ட் நசுங்கி அரை மில்லி கூடுதலாகக் காட்டும். ஃபெல்ட்டைத் தொட்டது விரலில் தெரிந்ததும் நிறுத்துங்கள். மெதுவாக அமுக்கினால் சுத்தியல் தந்திக்கு முன்பே விடுபட்டுச் சற்றுப் பின்வாங்கும். அதன் பிறகும் கட்டை 1 மி.மீ. அளவு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஆழம் போதவில்லை, சுத்தியல் தந்தியிலேயே ஒட்டிக்கொண்டு ஒலியை அடைத்துவிடும்.

ஃபேன்ஸி ஸ்டோரில் கைவேலைக்கு விற்கும் பாலியஸ்டர் ஃபெல்ட் வேண்டாம், சீக்கிரம் தட்டையாகிவிடும். அழுத்தித் தயாரித்த கம்பளி ஃபெல்ட்தான் தேவை. அதுவும் புதிதில் உப்பி இருக்கும். ஒவ்வொரு கட்டையையும் ஐம்பது முறையாவது பலமாக அடித்துப் படியவைத்த பிறகு அளக்க வேண்டும். கட்டையில் ஆணி நுழையும் துளைக்குள் ஒட்டும் துணிக்கு வெள்ளைப் பசையை வழிய விட்டால் அது துணியில் ஊறிக் கல்லாகிவிடும். அடுத்த முறை பிரிக்கவும் வராது. தச்சர்களின் பழைய வச்சிரப் பசையை மெல்லிசாகத் தடவினால் போதும், பிறகு ஈரம் காட்டிப் பிரிக்கலாம்.

ஓசூர் மழையில் மரம் ஊறிக் கட்டை இறுகினால் உடனே அரத்தை எடுக்காதீர்கள். அப்போது ராவிய துளை, சித்திரை வெயிலில் மரம் சுருங்கியதும் ஆட்டம் கொடுக்கும். அறை காய்ந்து ஒரு வாரம் போனபின் இன்னும் இறுக்கம் இருந்தால் மட்டும், துணியை இடுக்கியால் லேசாக நெரித்துவிடுங்கள். ஃபெல்ட் மாற்றிய பியானோவை ஒரு மாதம் வாசித்த பிறகு மறுபடி அளந்தால், ஒரு சில கட்டைகளுக்காவது 0.1 மி.மீ. காகிதம் தேவைப்படும்.