பழைய கணக்கு மென்பொருளை மாற்றுமுன்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகை விற்பனையும் அடகும் நடக்கும் கடையொன்றின் பழைய மென்பொருளைப் பார்க்கப் போனால், நான் முதலில் கணினியைத் தொடமாட்டேன். கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்காருவேன். மென்பொருளில் செய்ய முடியாததை அவர் எந்தக் கொப்பியில் எழுதுகிறார் என்று பாருங்கள். புதிய மென்பொருளுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. முதலாளி சொல்லும் பட்டியல் பெரும்பாலும் ஆசைப் பட்டியல்.

பிறகு தரவுக் கோப்புகளைப் பிரதி எடுத்து, பிரதியிலேயே வேலை செய்யுங்கள். அடையாள அட்டை இலக்கத்துக்கு எத்தனை இடம் விட்டிருக்கிறது? 2016க்கு முந்திய மென்பொருளென்றால் பெரும்பாலும் 10; புதிய அட்டைக்கு 12 வேண்டும். வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ள கடையானால், 2024 ஜனவரியில் வரி 15இலிருந்து 18 சதவீதமானபோது அதை யார், எங்கே மாற்றினார்கள் என்று கேளுங்கள். நிரலைத் திறந்துதான் மாற்றினார்கள் என்றால் உள்ளே இப்படி நிரலிலேயே எழுதிவைத்த எண்கள் இன்னும் பல இருக்கும்.

எங்கள் ஊரில் பெரிய தலையிடி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அதில் அடித்த ‘அம்மா’, கோப்பில் ஆங்கில விசைகளாக எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும்போது, ஆங்கிலத்தில் அடித்த பெயர்களையும் சேர்த்து மாற்றினால் எல்லாம் குட்டிச்சுவர். இரண்டையும் முதலில் பிரித்துவிடுங்கள்.

விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள நிரல்மொழியில் எழுதியதா? அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015இலேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் ஒரே நாளில் தூக்கியெறியாதீர்கள். ஒரு மாதக் கணக்கையாவது இரண்டிலும் போட்டுச் சதம் வரை ஒப்பிடுங்கள். வட்டித் தொகை ஒத்துவராவிட்டால், பழையது சில்லறையை வெட்டிவிடுகிறதா, மேலே கூட்டுகிறதா என்று பார்த்த பின்பே புதியதைக் குறை சொல்லுங்கள்.