மேற்கு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி: தேக்கைத் தூக்கிப் போடாமல்

திருச்சியில் நாங்கள் இருக்கும் வீடு 1986-இல் அப்பா கட்டியது. மேற்குப் பார்த்த படுக்கையறையில் இரண்டு தேக்கு ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும், நிலையில் இரும்புக் கம்பி, கதவில் 3 மி.மீ. கண்ணாடி. கத்திரி வெயிலில் மூன்று மணிக்கு மேல் மெத்தை விரிப்பைத் தொட்டால் இஸ்திரி போட்டு எடுத்த மாதிரி இருக்கும். சன்ஷேடு உச்சி வெயிலுக்குத்தான் குடை. சாய்வெயில் அதற்குக் கீழே குனிந்து உள்ளே வந்துவிடும்.

"டபுள் கிளேஸ் போடுங்க சார், ஏசி பில் பாதியாயிடும்" என்றார் ஒரு கடைக்காரர். நம்பி, முதல் ஜன்னலுக்கு, நடுவே இடைவெளி விட்டு இரண்டு சாதாரணக் கண்ணாடியை ஒட்டிய யூனிட், கதவுக்கு ஒன்றாக இரண்டு வாங்கினேன். பஸ் ஹாரன் குறைந்தது. சூடு அப்படியே இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று யு-வேல்யூ: வெளியே சூடு, உள்ளே குளிர் என்ற வித்தியாசத்தால் எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்பது. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.8 வாக்கில், இரட்டையாக்கினால் 3 பக்கம் இறங்கும். இன்னொன்று எஸ்.எச்.ஜி.சி.: மேலே விழும் வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பது. சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு 0.8-க்கு மேல், சாதாரண இரட்டைக்கு ஏறக்குறைய 0.7. அவ்வளவுதான் வித்தியாசம்! பனி ஊர்க்காரர்கள் முதல் எண்ணைப் பார்க்கட்டும். வெயில் நேராக விழும் நம் ஜன்னலுக்கு இரண்டாவதுதான் முக்கியம். வெயிலின் வெப்பத்தைத் தடுக்கும் வகை மெல்லிய பூச்சுள்ள லோ-ஈ கண்ணாடியில் அது 0.3-க்கே இறங்கும். கொட்டேஷனில் இரண்டு எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளிச்சம் எத்தனை சதவீதம் வரும் என்றும் கேளுங்கள். நான் 40-க்குக் கீழே போகவில்லை. பகலில் லைட் போட்டு உட்கார எனக்குப் பிடிக்காது.

வீடு முழுக்க மாற்ற வேண்டியதில்லை. கிழக்கு, மேற்கு போதும். வடக்கு ஜன்னலுக்கு ரப்பர் பட்டை ஒட்டி இடுக்கை அடைத்தாலே சரி. எங்கே இடுக்கு என்று பார்க்க ஆடிக் காற்றைப் போல் ஆள் கிடையாது: கதவை மூடிவிட்டு ஊதுவத்தியை ஓரமாகக் கொண்டு போனால் புகை காட்டிக் கொடுக்கும். வெளியே மூங்கில் தட்டி கட்ட வழியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். கண்ணாடியைத் தொடும் முன்பே வெயிலை நிறுத்துவதற்கு ஈடில்லை.

யு.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் ஜன்னலே போடலாமா என்று யோசித்தேன். ஸ்லைடிங் என்றால் பாதிதான் திறக்கும், சாயங்காலக் காற்றில் பாதி போச்சு. அதோடு பழைய தேக்கு. ஆசாரி ஸ்க்ரூடிரைவரால் அடிச்சட்டத்தைக் குத்திப் பார்த்து, "இது இன்னும் நாப்பது வருஷம் நிக்கும் தம்பி" என்றார். குத்தும்போது உள்ளே இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றாமல் கண்ணாடி வாங்காதீர்கள்.

என் கதவு 38 மி.மீ. தடிமன். 4 மி.மீ. கண்ணாடி, 8 மி.மீ. இடைவெளி, மறுபடி 4 என்று யூனிட் 16 மி.மீ. வரும். கண்ணாடிக்கென்று மரத்தில் குடைந்த பழைய காடியில் அது உட்காராது. மரம் குடையும் ரூட்டர் மெஷினால் ஆழப்படுத்தி, வெளியே 10 மி.மீ. உதடு விட்டு, உள்ளே 10 மி.மீ. பீடிங் (மெல்லிய மரச்சட்டம்) அடித்தோம். மிச்சம் 2 மி.மீ. டேப்புக்கு. எடையையும் பாருங்கள்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு இரண்டரைக் கிலோ. என் கதவு ஒவ்வொன்றிலும் மூன்றேகால் கிலோ இருந்த கண்ணாடி ஒன்பது கிலோவை நெருங்கியது. அதனால் கதவுக்கு மூன்றாவது கீல்.

அளவு எடுக்கும்போது அகலம் மூன்று இடத்தில், உயரம் மூன்று இடத்தில். சின்ன அளவை எடுத்து, அதில் பக்கத்துக்கு 3 மி.மீ. கழியுங்கள். மூலைக்கு மூலையும் அளந்து பாருங்கள், பழைய கதவு கோணியிருக்கும். இந்த யூனிட்டை வீட்டில் வைத்து வெட்ட முடியாது. சுற்றிலும் ஓடும் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்டு சீல் வைத்திருப்பார்கள். சீல் விட்டால் நடுவில் பனி படியும், துடைக்கவே முடியாது.

மாட்டும் முன் ஒரு சோதனை. யூனிட்டை நிறுத்தி, இருட்டில் தீக்குச்சி கொளுத்திப் பிடியுங்கள். கண்ணாடியில் நான்கு சுடர் தெரியும். ஒன்று மட்டும் வேறு நிறம். அதுதான் பூச்சு. உங்கள் பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவதாக இருந்தால் எதிர்ப்பக்கம் வெயிலுக்கு. இரண்டாவதாக இருந்தால் உங்கள் பக்கமே வெயிலுக்கு. பூச்சு வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. எனக்கு வந்த நான்கில் ஒன்றில், எது வெளிப்பக்கம் என்று காட்டும் ஸ்டிக்கரைப் பக்கம் மாற்றி ஒட்டியிருந்தார்கள். ஸ்டிக்கரை நம்பியிருந்தால் போச்சு.

கண்ணாடியை மரத்தின் மேல் நேரே வைக்காதீர்கள். அடியில் இரண்டு ஓரத்திலிருந்தும் கால்பங்கு தள்ளி ரப்பர் கட்டை, கீழ்க்காடியில் வெளிப்பக்கம் சரிந்த சின்னத் துளைகள். மழைத்தண்ணீர் தேங்கினால் சீல் சீக்கிரம் போகும். சிலிகான் டியூபில் நியூட்ரல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வினிகர் வாசம் அடிக்கும் மலிவான வகை, யூனிட்டின் சீலையே அரித்துவிடும். பூச்சுக் கண்ணாடி போட்ட பிறகு மேலே கறுப்பு ஃபிலிம் ஒட்ட ஆசைப்படாதீர்கள், சூடேறி விரிசல் விடும்.

முதலில் ஏமாந்து வாங்கிய இரண்டு யூனிட்டும் வீணாகவில்லை. அப்பா எல்லா ஜன்னலையும் ஒரே அளவில் போட்டிருந்தார். ரோட்டைப் பார்த்த வடக்கு அறைக்கு அவற்றை மாற்றினோம், மகள் அங்கேதான் படிக்கிறாள்.