கறுத்ததெல்லாம் விண்கல் ஆகாது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கி விற்பவன் நான். வானத்திலிருந்து விழுந்தது என்று யாராவது கறுத்த கல்லை நீட்டினால் காந்தத்தைத் தொடவே மாட்டேன். செம்புறாங்கல்லும் இரும்புச் சிட்டமும் (இரும்பு உருக்கிய கசடு) கிடக்கிற சீமை இது. அவற்றிலும் பலவற்றைக் காந்தம் இழுக்கும். போதாததற்கு, வலுவான காந்தம் பட்டால் உண்மையான விண்கல்லில் தங்கியிருக்கும் ஆதிகாலக் காந்தப் பதிவு அழிந்துவிடும். கல்லருகே திசைகாட்டியை வைத்து, முள் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் மட்டும் விண்கல் ஆகிவிடாது, மேலும் சோதிக்க வேண்டும்.

அடுத்தது உரசல். ஆத்தங்குடித் தரைக்கல் சிமெண்டால் ஆனது, உரசிப் பார்க்க ஆகாது. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் மெருகு ஏறாத வெள்ளை வளையம் தெரியும். அதில் கல்லை அழுத்தி இழுங்கள். செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹேமடைட், கருங்கோடு என்றால் மேக்னடைட்; இரண்டும் பூமியின் இரும்புத் தாதுக்கள். துருவேறாத விண்கல் பெரும்பாலும் கோடே போடாது. உள்ளே குமிழித் துளைகள் இருந்தால் சிட்டம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக விழுந்த கல்விண்கல்லில் கறுப்புத் தோல் மிக மெல்லியதாக இருக்கும். உடைந்த ஓரத்தில் சாம்பல் நிறமும், அதில் மினுக்கும் உலோகத் துகள்களும் தெரியும்.

வியட்நாமின் சைகோனுக்குக் கொண்டுவிக்கப் போன ஐயாக்களின் பெட்டகத்திலிருந்து பளபளக்கும் கருங்கட்டி வந்தால் நிதானியுங்கள். மெல்லிய விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்பு கசிகிறதா? அது அந்தப் பக்கத்து டெக்டைட்டாக இருக்கலாம். ஏறத்தாழ 7.9 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்த விண்கல் மோதலில் உருகித் தெறித்த பூமியின் மண்தான் அது. விண்கல் இல்லையென்றாலும் எனக்கு மிகவும் பிடித்த பொருள்.

பூர்விகம் தேடுவதுதான் பெரிய வேலை. விண்கல்லுக்கு அது விழுந்த அல்லது கிடைத்த இடத்தின் பெயரையே வைப்பார்கள். சர்வதேச விண்கல் கழகத்தின் (Meteoritical Society) இணையப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி வகை, தேதி, எடையை ஒத்துப் பாருங்கள். 1857 பிப்ரவரி 28 அன்று அன்றைய மதுரை ஜில்லாவில் விழுந்த பார்னல்லி, கல்விண்கல். அந்தப் பெயரில் முழு இரும்புத் துண்டைக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சகாராப் பக்கத்துக் கற்கள் பல, 'நார்த்வெஸ்ட் ஆப்ரிக்கா' என்பதோடு ஓர் எண்ணாக மட்டுமே பதிவாகின்றன. அப்படிப்பட்ட கல்லுக்கு விற்பவர் ஊர்ப்பெயர் சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

எடையைப் பேரேடு பார்க்கிற கண்ணோடு பாருங்கள். கல்லோடு வந்த பழைய விவர அட்டையில் 48 கிராம், தராசில் 41 என்றால், 7 கிராம் யாரிடம், எப்போது வெட்டுப்பட்டது என்பதற்குக் கணக்கு வேண்டும். கல்மேல் சாயத்தில் எழுதிய எண் இருந்தால் அதுதான் பழைய சேகரிப்பின் அடையாளம். கழுவாதீர்கள், சுரண்டாதீர்கள். அட்டை இல்லாத கல்லுக்கு யாரிடம், எந்த ஊரில், எப்போது வாங்கினீர்கள் என்பதை அன்றே எழுதிக் கூடவே வையுங்கள். நம் பக்கத்தில் விழுந்த கல் என்று தோன்றினால் விலை பேசாமல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். நாட்டின் விண்கல் காப்பகம் கொல்கத்தாவில் அவர்களிடம்தான் இருக்கிறது.