தொற்றுக் காலத்தில் கொலுவும் தீபாவளியும்: வடசென்னைக் குடும்பங்களுக்கு

ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த வடசென்னையில், கொலு வைப்பதைவிட அதைப் பார்க்க வருபவர்களை எப்படி வரவேற்பது என்பதே பெரிய கேள்வி. படிகளை அறையின் மூலையில் அடுக்காமல் வாசலிலிருந்தே தெரியும்படி கதவுக்கு எதிரே அமைத்து, சன்னல்களையும் திறந்து வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும். வருபவர் நெடுநேரம் உள்ளே அமரவும் தேவையிருக்காது. ஒவ்வொரு வீட்டாருக்கும் தனித்தனி நேரத்தை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். தாம்பூலத்துடன் சுண்டலையும் பொட்டலமாகக் கொடுத்தனுப்புவது மரியாதைக் குறைவாகாது. முகக்கவசத்தைக் கழற்றி ஒரே அறையில் உண்ணும்போதுதான் தொற்று எளிதில் பரவுகிறது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைக்குக் குடும்பத்தோடு துணி எடுக்கச் செல்வதை இம்முறை விட்டுவிடலாம். பிள்ளைகள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். ஆயினும் அளவுகளைக் குறித்துக்கொண்டு, பெரியவர் ஒருவர் மட்டும் வார நாளில் கடை திறந்தவுடன் சென்று வருவதே நல்லது.

தீபாவளியன்று ஒன்றில் மட்டும் சிறிதும் அலட்சியம் கூடாது. சானிடைசரில் உள்ள ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால், பட்டாசையோ விளக்கையோ தொடுவதற்கு முன் கைகளைச் சோப்பும் தண்ணீரும் கொண்டே கழுவ வேண்டும். சானிடைசர் புட்டியைப் பட்டாசுப் பெட்டிக்கு அருகில் வைக்கவும் கூடாது.

வெளியே செல்ல விரும்பினால், கட்டுப்பாடுகள் அனுமதிக்கும் நாளில் திருவொற்றியூர்க் கடலோரத்துக்கு விடியற்காலையில் செல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதால், கரையோரப் பாறைகளில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள்.