டைட்டானியம்: கிலோ விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

கடல்நீர் ஓடும் கண்டென்சருக்கு (நீராவியைக் குளிரவைத்து நீராக்கும் கருவி) டியூப் வாங்கும்போது, எஸ்எஸ் 316 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கிலோ விலைக்குப் பக்கத்தில் டைட்டானியத்தின் கிலோ விலையை எழுதிப் பார்த்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் டியூபை நாம் பயன்படுத்துவது மீட்டர் கணக்கில். டைட்டானியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 4.5 கிராம், ஸ்டீலுக்கு 8. டியூப் சுவரின் தடிமன் அதேயானால் ஒரு கிலோவுக்கு முக்கால் பங்கு நீளம் கூடுதலாகக் கிடைக்கும். கடல்நீர் இதை அரிக்காது என்பதால் 0.5 அல்லது 0.7 மி.மீ. கனமே பெரும்பாலும் போதும். டியூப் ஓட்டையாகி ஆலை நிற்கும் நாட்களின் நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. ஸ்டீல் டியூப் இருந்த பழைய எக்ஸ்சேஞ்சரில் (வெப்பப் பரிமாற்றியில்) அப்படியே சொருகிவிடலாமா? கூடாது. இதன் விறைப்பு ஸ்டீலில் பாதிதான். மெல்லிய டியூப் அதிர்ந்து அதிர்ந்தே தேய்ந்துவிடும். டியூபை இடையிடையே தாங்கும் தகடுகளை நெருக்கி வைக்க வேண்டும். டியூப் முனைகளைப் பிடித்திருக்கும் தகடான டியூப் ஷீட் செம்புக் கலவையாக இருந்தால், டைட்டானியம் நன்றாக இருக்கும், ஷீட்தான் அரித்துப் போகும்.

வலிமை அதிகம் என்று அலுமினியமும் வனேடியமும் கலந்த கிரேடு 5 டைட்டானியம் கேட்பவர்களும் உண்டு. அரிப்பைத் தாங்குவதுதான் நோக்கம் என்றால், வளைக்கவும் வெல்டு செய்யவும் எளிதான, கலப்பில்லாத கிரேடு 2 போதும்.

என்னைப் பொறுத்தவரை உயிருக்கே ஆபத்தான தவறு, 'டைட்டானியத்தை எதுவும் தொடாது' என்ற நம்பிக்கை. அதைக் காப்பது மேலே படியும் ஆக்ஸைடு படலம்தான். ஈரமான குளோரின் வாயுவில் அந்தப் படலம் நிற்கும். உலர்ந்த குளோரினில் நிற்காது, உலோகமே தீப்பிடித்து எரியும். குளோரின் லைனில் உலர்த்தும் கோபுரத்துக்கு முன்னால், வாயு ஈரமாக இருக்கும் இடத்தில் டைட்டானியம், பின்னால், வாயு உலர்ந்த இடத்தில் வேறு உலோகம் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கொஞ்சம் கலந்திருந்தாலும் படலம் கரைந்துவிடும். சூடான உப்புநீரில் கேஸ்கெட்டுக்கு அடியில், இடுக்குகளில், கிரேடு 2 அரிக்கப்படலாம். அங்கே பல்லேடியம் சேர்ந்த கிரேடு 7 போட வேண்டும்.

வெல்டிங்கில், சூடான உலோகத்தைக் காற்று தொடாமல் காக்கும் ஆர்கான் வாயுவை முன்பக்கம் மட்டும் காட்டினால் போதாது. பின்பக்கமும் வேண்டும், சூடு தணியும்வரை வேண்டும். வெல்டு வெள்ளிபோல் பளபளத்தால் நல்லது. நீலம் ஓடியிருந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள்.